வாராத சாமி

ஆனி மாதம் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கொண்டாட்டம், மேலகரத்தில் பீடி சுற்றுகிறவளுக்குத் திண்டாட்டம். இலைக்கட்டில் பூஞ்சணம் பிடிக்கும். சுற்றிய பீடி காயாது. காயாத பீடியைக் கடைக்குக் கொண்டுபோனால், வாங்குகிறவன் ஒரு கட்டைப் பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக் கழித்துப் போடுவான். வெளியூர்க்காரர்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு 'ஆகா, என்ன காத்து' என்று வேனை விட்டு இறங்குகிற நேரத்தில், ஆனந்தவள்ளி அடுப்பு அனலுக்கு மேல் முறத்தை ஏந்திப் பீடியை வாட்டியபடி மலையைத் திட்டிக்கொண்டிருப்பாள். மலை இதுவரை பதில் சொன்னதில்லை. திட்டுவதற்குத் தோதான ஆள் அதுதான்.

அந்த வருஷம் மலையைத் திட்டவும் அவளுக்கு ஒழியவில்லை. மருமகள் ஜெயபிரியாவுக்கு எட்டாம் மாதம். ஆடி பிறந்துவிட்டால் வளைகாப்பு போட முடியாது. ஆவணி வரைக்கும் வயிறு காத்திருக்காது. ஆகவே ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஜெயபிரியா சுரண்டைப் பெண். பி.காம். படித்துவிட்டுத் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்குத் தினமும் முத்துச்செல்வத்தின் ஆட்டோவில் ஏறி இறங்கியவள், ஒரு நாள் மாலையும் கழுத்துமாக அவன் வீட்டிலேயே வந்து இறங்கிவிட்டாள். முத்துச்செல்வம் ஆனந்தவள்ளிக்கு ஒரே மகன். இரண்டு வீட்டாரும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுப் பிறகு இறங்கி வந்தார்கள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் ஜெயபிரியா கடை வேலையை விட்டுவிட்டு மாமியாரோடு இலை வெட்ட உட்கார்ந்தாள். பீடி மடக்க அவளுக்கு வரவில்லை. ஆனால் பேச்சு நன்றாக வந்தது. அதனால் வேலை நடந்ததோ இல்லையோ, வீட்டில் சத்தம் இருந்தது. புருஷன் செல்லப்பா செத்த பிறகு இப்படியொரு சத்தத்தை அந்த வீடு கேட்டதில்லை.

வளைகாப்புக்கு முந்தின வியாழக்கிழமை, வெட்டிக்கொண்டிருந்த இலையை ஜெயபிரியா கீழே வைத்தாள்.

"அத்தே, இந்தக் கொலுசக் கொஞ்சம் கழட்டி விடுங்களேன். கடிக்குது."

ஆனந்தவள்ளி பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு மருமகளின் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். கொலுசு சதைக்குள் புதைந்து கிடந்தது. சோப்புத் தண்ணீரைத் தடவி உருட்டி உருட்டித்தான் கழற்ற முடிந்தது. கழற்றிய இடத்துக்கு மேலே பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"நீர் கோத்திருக்குட்டி. நாள் பூரா காலத் தொங்கப் போட்டு ஒக்காந்தா வேற என்ன செய்யும்? ஒம்புருசன வகுத்துல வச்சிருக்கும்போது எனக்குத் தொட வரைக்கும் வீங்கி, செருப்பு நொழையாம வெறுங்காலோட நடவுக்குப் போனேன். பார்லி கஞ்சி வச்சுத் தாறேன். உப்பக் கொற."

"தலையும் வலிக்குது அத்தே. காலைல இருந்து கண்ணு முன்னாடி பூச்சி பறக்குத மாரி இருக்கு."

"ராத்திரி பூரா போன நோண்டுனா பூச்சியும் பறக்கும், பாம்பும் பறக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து ஆனந்தவள்ளி பிற்பாடு எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று பிற்பகல் சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஸ்கூட்டியில் வந்தாள். பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா, பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு. இது சும்மா வீக்கம் இல்ல. இன்னைக்கே தென்காசி பெரியாஸ்பத்திரில சேத்துருங்க."

"ஞாயித்துக்கெழம வளைகாப்பு தாயி. சுரண்டையில இருந்து வண்டி போட்டு வாறாவ. வளையலப் போட்டுட்டுத் திங்கக்கெழம விடியக்காலம் நானே கொண்டாந்து சேக்குதேன்."

"வளையல ஆஸ்பத்திரில வச்சும் போடலாம்மா."

"ஆஸ்பத்திரில போட்டா அதுக்குப் பேரு வளைகாப்பா? தலப்பிள்ள. வெறுங்கையோட ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாள்னு நாளைக்கு எம்மூஞ்சிலதான காறித் துப்புவாவ?"

நர்ஸம்மா முத்துச்செல்வத்துக்குப் போன் போட்டாள். அவன் சீசன் சவாரியில் ஐந்தருவிப் பக்கம் நின்றான். "அம்மா இருக்காவல்லா மேடம், அவுங்களுக்குத் தெரியாததா? ஞாயித்துக்கெழம தாண்டட்டும்" என்றான். நர்ஸம்மா தலைவலி கூடினால் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள். ஆனந்தவள்ளிக்கு அவள் மேல் கோபம்கூட இல்லை. படித்த பிள்ளை பயப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு பார்லி ஊறப்போட்டாள்.

முத்துச்செல்வம் 'அம்மாவுக்குத் தெரியாததா' என்று சொன்னதில் ஒரு விஷயம் உண்டு. ஊருக்கு மேற்கே, வயல் வரப்பு முடிகிற இடத்தில், வேம்படியில் அவர்கள் குடும்பத்து இசக்கியம்மன் பீடம் இருக்கிறது. இசக்கிக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை. கொடுக்கிறவளும் அவள்தான், பிடுங்குகிறவளும் அவள்தான் என்பார்கள். பிள்ளை வேண்டிக் கட்டின மரத்தொட்டில்கள் அந்த வேம்பில் நிறையத் தொங்கும். வருஷா வருஷம் கொடைத் திருவிழாவில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது ஆனந்தவள்ளி மேல்தான் அம்மன் வந்து இறங்குவாள். சாதாரண நாளில் ரேஷன் கடை வரிசையில் இவளைத் தள்ளிவிட்டு முன்னால் போகிற பெரிய மீசைக்காரர்கள், அன்றைக்கு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு இவள் முன்னால் குனிந்து நிற்பார்கள். இவள் சொன்னது நடக்கும். நடக்காததை ஊர் மறந்துவிடும். சாமியாடிகளுக்கு அது ஒரு வசதி.

ஆனால் போன வருஷக் கொடையில் அம்மன் வரவில்லை.

மேளக்காரர்கள் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார்கள். ஆனந்தவள்ளி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உள்ளங்காலில் வழக்கமாக ஏறுகிற குறுகுறுப்பு ஏறவே இல்லை. வியர்த்ததுதான் மிச்சம். கடைசியில் யாரோ, "வள்ளிக்கும் வயசாயிட்டு. ஆத்தா ஆள் மாத்துதா போல" என்றார்கள். அந்தச் சொல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை. கூடப் பீடி சுற்றுகிற ஹைருன் பீவியிடம் மட்டும் ஒரு நாள், "நா என்ன பாவம் செஞ்சேன்னு அவ என்ன விட்டுட்டுப் போனா, ஹைருன்?" என்று கேட்டு அழுதாள். இன்னொரு வீட்டுச் சாமியைப் பற்றி ஹைருன் என்ன சொல்வாள்? கொஞ்சம் புகையிலைத் தூளை எடுத்து இவள் தட்டில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சாரல். சுரண்டையிலிருந்து ஜெயபிரியாவின் அம்மா மூக்கம்மாள் வேன் பிடித்து, புளியோதரை, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று சோற்று வகையெல்லாம் தூக்குச்சட்டிகளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மகளைப் பார்த்ததும், "என்ன மைனி, மூஞ்சியெல்லாம் இப்பிடி உப்பிக் கெடக்கு?" என்றாள்.

"வகுத்துல பொம்பளப்பிள்ள மைனி, அதான் தாய்க்கு இம்புட்டு மினுமினுப்பு" என்றாள் ஆனந்தவள்ளி.

ஜெயபிரியாவைப் பட்டுச்சேலை கட்டி மனையில் உட்கார வைத்தார்கள். தலை நிறைய மல்லிகைப்பூ. கூடம் முழுக்கப் பெண்கள். ஈரச்சேலை வாசமும் சந்தனமும் புழுக்கமுமாக மூச்சு முட்டியது. முதலில் வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பைப் போட்டார்கள். பிறகு கண்ணாடி வளையல். பெரிய அளவு வாங்கி வந்தும் மணிக்கட்டில் ஏற மறுத்தது. மூக்கம்மாள் எண்ணெய் தடவி ஏற்றினாள்.

"அத்தே" என்றாள் ஜெயபிரியா மெல்ல. "மேல்வகுறு இறுக்கிப் பிடிக்குது. தல ரெண்டா பொளக்குது."

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்ட்டி. நலுங்கு வச்சு முடிச்சிருவோம். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

ஜெயபிரியா பல்லைக் கடித்தாள். கடித்த பல் பிறகு திறக்கவில்லை. கண் மேலே செருகியது. கை இரண்டும் விறைத்து, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. அத்தனை வளையலும் கலகலவென்று குலுங்கின.

கூடத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "ஆத்தா வந்துட்டா! வேப்பங்காப்பு ஏறுனதும் வந்துட்டா பாரு!" என்றது. யாரோ குலவை போட்டார்கள். தொடர்ந்து எல்லோரும் போட்டார்கள்.

"வள்ளி, ஒங்க வீட்டு தெய்வம்தான். நீ கேளு. என்ன வேணும்னு கேளு."

ஆனந்தவள்ளிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உள்ளே சுருக்கென்று ஒரு வலி. என்னை விட்டுவிட்டு இவளிடம் வந்துவிட்டாயா என்கிற வலி. அதற்கு மேலே, அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம். எங்கேயும் போய்விடவில்லை, என் வீட்டுக்குள்தான் இருக்கிறாள். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

"யாரு தாயி, எசக்கியா? கொற எதுவும் வச்சோமா? சொல்லு தாயி. பிள்ள உண்டாயிருக்கவ ஒடம்பு தாங்காது. பைய சொல்லு."

ஜெயபிரியாவின் தொண்டையிலிருந்து ஒரு உறுமல் மட்டும் வந்தது. மூக்கம்மாள் பதறி ஓடிவந்து மகளின் தோளைப் பிடித்தாள். "மைனி, எம்பிள்ளைக்கு இப்பிடியெல்லாம் வந்ததே இல்லையே!"

"இங்க வாழ வந்த பொறவு எங்க தெய்வந்தான மைனி வரும்? தொடாதிய. கைய எடுங்க."

மூக்கம்மாள் கையை எடுத்தாள். மகளைக் கொடுத்த இடத்தில் அவர்கள் சாமியை எதிர்த்துப் பேச எந்தத் தாய்க்கு வாய் வரும்? ஆனந்தவள்ளி திருநீற்றை அள்ளி மருமகள் நெற்றியில் பூசினாள். பூசி முடிக்கவும் இழுப்பு நின்றது. உடம்பு துவண்டு சரிந்தது. சீறிச் சீறி மூச்சு வந்தது.

"மலையேறிட்டா" என்றாள் ஆனந்தவள்ளி. "பாய்ல போடுங்க. தூங்கட்டும். எனக்கும் இப்பிடித்தான், சாமி எறங்குனா அடிச்சுப் போட்ட மாரித் தூக்கம் வரும். யாரும் எழுப்பாதிய."

பிறகு இலை போட்டார்கள். சாமி வந்த வீட்டில் சாப்பிடாமல் போகக் கூடாது என்று எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வந்த பெண்கள் ஆனந்தவள்ளியிடம், "கொடுத்து வச்சவ நீ" என்றார்கள். அவள் பொங்கலும் வடையும் விளம்பிக்கொண்டே தலையை ஆட்டினாள். சவாரியிலிருந்து திரும்பிய முத்துச்செல்வம் அறை வாசலில் நின்று, தூங்குகிற பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போனான்.

பாயருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது ஹைருன் பீவி. அவள் பந்திக்கு எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்துக் கதவோரம் வந்து, "ஏளா வள்ளி, இங்கன வா" என்று கூப்பிட்டாள்.

"சேல நனஞ்சிருக்குளா. வாய் ஓரத்துல ரத்தம்."

"நாக்கக் கடிச்சிருப்பா. சாமி வந்து ஆடுத ஆராசனையில அப்பிடித்தான்."

"ஒனக்கு எப்பவாச்சும் சேல நனஞ்சிருக்கா?"

ஆனந்தவள்ளி திரும்பிப் பந்தியைப் பார்த்தாள். கையில் சாம்பார் வாளி இருந்தது. பந்தியில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். ஹைருன் எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, மறுபடியும் பாயருகே போய் உட்கார்ந்தாள்.

இரண்டாவது தடவை இழுத்தபோது வளையல் சத்தம் பந்தி வரைக்கும் கேட்டது. மறுபடியும் ஒரு குலவை கிளம்பியது. அதைக் கிழித்துக்கொண்டு ஹைருன் கத்தினாள்.

"நிறுத்துங்கட்டி! இது சாமி இல்ல, வலிப்பு! எங்க மாமி மவ அதீபாவுக்குப் பேறுகாலத்துல இப்பிடித்தான் வந்துச்சு. ஏ முத்துச்செல்வம், ஆட்டோவ எடுல! ஓடு!"

"ஹைருன், இது எங்க ஆத்தா..."

"ஒங்க ஆத்தாவா எங்க அல்லாவான்னு பொறவு பேசுவோம். பிள்ள போயிரும்ளா. மொதல்ல காலத் தூக்கு!"

அப்போதுதான் ஆனந்தவள்ளி மருமகளின் காலைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் அவளுடைய விரல்கள் அத்தனையும் குழி குழியாகப் பதிந்தன.

மேலகரத்திலிருந்து தென்காசி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த ரோட்டை யார் தாண்டுவது? அருவியில் குளித்துத் திரும்புகிற வேன்களும் கார்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. முத்துச்செல்வம் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்காமல், "வழி விடுங்கண்ணாச்சி, பிள்ளத்தாச்சி" என்று அழுதுகொண்டே ஓட்டினான். ஈரத் துண்டோடு வேனில் இருந்த ஒருவன் கையிலிருந்த பஜ்ஜியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான். பின் சீட்டில் மருமகளின் தலை ஆனந்தவள்ளியின் மடியிலும் கால் ஹைருனின் மடியிலும் கிடந்தன. "எசக்கி, எசக்கி" என்று ஆனந்தவள்ளியின் வாய் முணுமுணுத்தது. சற்று முன்பு இந்தப் பெண்ணுக்குள் இருப்பதாக நினைத்துக் கும்பிட்டவளை, இப்போது எங்கே இருந்து கூப்பிடுவது என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஓடி வந்தாள். "எப்ப வந்துச்சு வலிப்பு?"

"இப்பத்தான் மேடம்" என்றான் முத்துச்செல்வம்.

"ரெண்டாவது தடவ டாக்டர்" என்றாள் ஹைருன். "மொத தடவ வந்து, பந்தி போட்டுச் சாப்பிட்டு எந்திச்சாச்சு."

டாக்டரம்மா ஒரே ஒரு தடவை நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊசி போட நரம்பு அகப்படவில்லை. வளையல்களைக் கழற்ற முடியாமல் ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்கள். பிள்ளை பெறும் முன்பு வளைகாப்பு வளையல் உடையக் கூடாது என்று ஆனந்தவள்ளியே எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். வேப்பங்காப்பைக் கத்தரியால் வெட்டி அவள் கையில் கொடுத்தார்கள். அதை எங்கே போடுவதென்று தெரியாமல் முந்தியில் முடிந்துகொண்டாள்.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துபோய், எடுக்கும்போதே உயிர் இல்லை. தாய்க்கு மூச்சுக் கருவி வைத்திருக்கிறோம், இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். "முதல்ல வந்தப்பவே கொண்டுவந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்த வாய்ப்பு இருந்திருக்கும்" என்று டாக்டரம்மா முத்துச்செல்வத்திடம் மெதுவாகத்தான் சொன்னாள். வராந்தாவின் அந்தக் கோடியில் நின்ற ஆனந்தவள்ளிக்கு அது கேட்டுவிட்டது.

ஹைருன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எனக்கு மொதல்லயே தெரிஞ்சிச்சுளா. அடுத்த வீட்டு சாமி, நா வாயத் தொறந்தா தப்பாப் போயிருமேன்னு இருந்துட்டேன். பாவி நா." பழியெல்லாம் தன்னிடம் இருக்க, ஹைருன் எதை எடுத்து அழுகிறாள் என்றுதான் ஆனந்தவள்ளிக்குத் தோன்றியது.

ஜெயபிரியா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். மறுநாள் மார் கட்டிக்கொண்டு பால் சுரந்து சட்டை நனைந்தது. மூக்கம்மாள் வெளியே போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தாள். பால் வற்றுவதற்காகப் பூவை மாரில் வைத்துத் துணியால் கட்டினார்கள். வளைகாப்பன்று தலையில் வைத்த அதே பூ. ஆனந்தவள்ளி துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாசத்தை அவளால் தாங்க முடியவில்லை. முடிச்சு விழுந்ததும் வெளியே போய்விட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? "எசக்கி தன் பங்க எடுத்துக்கிட்டா. தாய விட்டுட்டால்லா, அதச் சொல்லு. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு" என்று பேசியது. முத்துச்செல்வம் அதைப் பிடித்துக்கொண்டான். டாக்டரம்மா சொன்னதைச் சுமப்பதைவிட ஊர் சொன்னதைச் சுமப்பது லேசு. அம்மாவை அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனந்தவள்ளிக்கும் ஊர்ப் பேச்சு குளிருக்குப் போர்வையாக இருந்தது. பகலில் போர்த்திக்கொள்வாள். தனியே இருக்கும்போது அது தானாகவே நழுவிவிடும்.

ஜெயபிரியா சுரண்டையில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு ஆவணியில் திரும்பி வந்தாள். இலை வெட்ட உட்கார்ந்தாள். பேச்சு மட்டும் இல்லை. வீட்டில் கத்தரிச் சத்தம்தான். ஒரு நாள் கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள்.

"அத்தே, அன்னைக்கு எனக்கு வந்தது சாமிதானா?"

ஆனந்தவள்ளியின் கையில் இருந்த இலை கிழிந்தது.

"அதெல்லாம் எதுக்குட்டி இப்போ?"

"ஊர்ல சாமிங்காவ. ஆஸ்பத்திரில வேற சொன்னாவ. சாமின்னா எம்பிள்ளைய அவதான் எடுத்தா, அவகிட்ட சண்ட போட்டுக்கிடுதேன். இல்லன்னா..."

அவள் முடிக்கவில்லை. சாமி இல்லை என்று சொன்னால் மிச்சம் இருப்பது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு ஆனந்தவள்ளி எழுந்து போனாள். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

ஆவணிக் கடைசிச் செவ்வாய் கொடை. சாரல் ஓய்ந்து, வயலில் தண்ணீர் மினுங்கியது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கே வந்து, மாமியாரும் மருமகளும் கட்டாயம் வர வேண்டும் என்று அழைத்தார்கள். இந்த வருஷம் ஆத்தா யார் மேல் வருவாள் என்று பந்தயம் கட்டாத குறை. ஜெயபிரியா மறுப்பாள் என்று ஆனந்தவள்ளி நினைத்தாள். அவள் பேசாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்து, வேம்புக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பீடத்தின் பக்கம் அவள் முகம் திரும்பவே இல்லை.

மத்தியானக் கொடைக்கு மேளம் ஏறியது. ஆனந்தவள்ளி ஈரச்சேலையோடு திருநீற்றுத் தட்டை ஏந்தி நின்றாள். உள்ளங்காலில் ஒன்றும் இல்லை. வெறும் மண் சூடு. போன வருஷம் போலவேதான்.

திருநீறு வாங்க அடுத்த தெரு ஸ்ரீதேவி வந்தாள். அவளுக்கும் நிறைவயிறு. கூட அவள் மாமியார். ஸ்ரீதேவியின் முகம் உப்பியிருந்தது. ஆனந்தவள்ளி கீழே பார்த்தாள். கொலுசு சதைக்குள் புதைந்து கிடந்தது.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அந்தக் காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி நின்றது.

"தல வலிக்குதாட்டி?"

"நேத்துல இருந்து வலிக்குது பெரியம்ம. கண்ணும் மங்கலா இருக்கு."

ஆனந்தவள்ளி நிமிர்ந்தாள். "மைனி, இவள இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நின்ன நெலையில போங்க."

ஸ்ரீதேவியின் மாமியார் சிரித்தாள். "கொடையன்னைக்கா? ஆத்தாவுக்குப் படைக்குத படப்பு பாக்காமப் போனா அவ கோவிச்சுக்கிட மாட்டாளா? நாளைக்குக் காலைல போலாம் மைனி. ஒங்களுக்கு அந்தப் பயம் இன்னும் தெளியல, பாவம்."

"நா பட்டவ சொல்லுதேன், கேளுங்க!"

"விடுங்க மைனி. ஏ பிரியா, ஒன் அத்தையக் கொஞ்சம் ஒக்கார வையேன்."

ஆனந்தவள்ளி சுற்றிலும் பார்த்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரி புலம்புகிறாள் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. அவள் வார்த்தைக்கு அங்கே யாரும் காது கொடுக்கப் போவதில்லை. அவர்கள் கேட்பது யாருடைய வார்த்தையை என்று அவளுக்குத் தெரியும். ஏறிட்டு இசக்கியைப் பார்த்தாள். வாயில் பிள்ளையோடு அது சும்மா நின்றது.

அவள் கொண்டையை அவிழ்த்து உதறினாள். அடித்தொண்டையிலிருந்து ஒரு கூச்சல் போட்டாள். மேளக்காரர்கள் திடுக்கிட்டு, பிறகு உற்சாகமாகி, வெளுத்து வாங்க ஆரம்பித்தார்கள். குலவை எழுந்தது. ஆனந்தவள்ளி ஆடினாள். இத்தனை வருஷமாகக் கால் தன்னால் போட்ட அடவுகளை இப்போது ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துப் போட்டாள். அம்மனுக்கு முன்னால் நின்று அம்மன் வேஷம் போடுகிறோமே, நாக்கு அழுகிவிடும் என்று பயமாக இருந்தது. அழுகட்டும் என்று ஆடினாள்.

"ஏ!" என்று ஸ்ரீதேவியின் மாமியாரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "எனக்குப் படப்பும் வேண்டாம், பரிவட்டமும் வேண்டாம்லே! இந்தப் பிள்ளைய இந்த நிமிசம் பெரியாஸ்பத்திரில கொண்டு போடுங்க. பொழுது சாய விட்டிய, ஒங்க வீட்டுல வெளக்கு எரியாது. கூட்டிட்டுப் போங்கலே!"

மாமியாரின் சிரிப்பு செத்துவிட்டது. அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். ஆட்கள் ஓடினார்கள். முத்துச்செல்வம் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஸ்ரீதேவியைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வண்டி வரப்பு முடிகிற ரோட்டில் ஏறி மறைகிற வரைக்கும் ஆனந்தவள்ளி ஆட்டத்தை நிறுத்தவில்லை. அங்கே எல்லாக் கைகளும் கூப்பியிருந்தன. சுவரோரம் ஜெயபிரியாவின் கை இரண்டும் மடியில் கிடந்தன. அவள் கண் மட்டும் மாமியாரை விட்டு நகரவில்லை.

வழக்கப்படி ஆனந்தவள்ளியை வேம்படியில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். சாமி இறங்கினவள் தூங்க வேண்டும். யாரும் எழுப்பக் கூடாது என்று விலகிப் போனார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் எங்கே வரும்? ஸ்ரீதேவியின் காலில் கண்ட குழிதான் கண்ணுக்குள் நின்றது. தலைமாட்டில் செம்பு வைக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி குடிங்க அத்தே" என்றாள் ஜெயபிரியா. "தூங்கலைல்லா நீங்க?"

"இல்லட்டி."

"சாமி வரலைல்லா?"

பொய் சொல்ல அதுதான் நேரம். ஊரே கூப்பிய கையோடு நிற்கிறது. ஆனந்தவள்ளி எழுந்து உட்கார்ந்தாள். மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் செம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"வரலட்டி. எனக்கு இன்னைக்கும் வரல." செம்பை ஒரு பக்கம் நகர்த்தினாள். "ஒனக்கு அன்னைக்கும் வரல. அது சாமி இல்ல, தாயி."

வேம்பில் கட்டியிருந்த தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு ஜெயபிரியா மாமியாரின் அவிழ்ந்த கூந்தலை அள்ளி, கொண்டையாக முடிந்து விட்டாள். முடிந்துவிட்டு அழுகை இல்லாத குரலில் கேட்டாள்.

"இந்த ஆட்டத்த அன்னைக்கே ஆடியிருக்கலாம்லா அத்தே?"

அந்தப் பக்கம் அடுத்த பூசைக்கு மேளம் தொடங்கியிருந்தது.